ஃபிளின் ஃபிளான் பாம்பர்ஸ்: ஒரு சுரங்க ஊரின் ஹாக்கி வரலாற்றைத் தொகுத்த அனுபவம்

கனடாவின் வின்னிபெக் நகரிலிருந்து வடமேற்கே ஒரு முழுப் பகல் கார் ஓட்டினால் ஃபிளின் ஃபிளான் வரும். ஊரின் பெரும்பகுதி மானிடோபா மாகாணத்தில். ஒரு சின்னத் துண்டு மட்டும் எல்லை தாண்டி சாஸ்கட்செவனில் கிடக்கிறது. எங்கு பார்த்தாலும் பாறை. தோண்டிக் குழாய் பதிக்க முடியாத தெருக்களில் கழிவுநீர்க் குழாய்களை மரப்பெட்டிக்குள் அடைத்துத் தரைக்கு மேலேயே கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகள்தான் அங்கே நடைபாதை. இன்றைக்கு ஊரில் சுமார் 5,000 பேர் இருக்கிறோம். இவ்வளவு சின்ன ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி 1957இல் கனடாவின் தேசியக் கோப்பையை வென்றது. பாபி கிளார்க், ரெஜி லீச் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை உலகத்துக்குக் கொடுத்தது. அணியின் பெயர் பாம்பர்ஸ். மெரூன் நிறச் சட்டை.

நான் இங்கே வந்தது மருத்துவமனை ஆய்வக வேலைக்காக. ஹாக்கி பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும், வெளியே மைனஸ் முப்பது இருக்கும். அந்த நாட்களில் ஊர் கூடுகிற இடம் விட்னி ஃபோரம் என்ற ஹாக்கி அரங்கம்தான். டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். அப்புறம் பழைய படங்களையும் தாள்களையும் ஒழுங்குபடுத்த ஆள் தேடினார்கள், அதற்கும் போனேன். அன்று தொடங்கிய வேலை இன்னும் ஓய்ந்தபாடில்லை. சின்ன ஊர் அணி ஒன்றின் கதையைச் சேகரிக்க யாராவது இறங்கினால், எந்த நாடானாலும் எந்த விளையாட்டானாலும், நான் கற்றதில் பாதியாவது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஜூனியர் ஹாக்கி பற்றிக் கொஞ்சம். பதினாறு வயதிலிருந்து இருபது வயது வரையுள்ள பையன்கள் ஆடுவது இது. கனடாவில் இதற்கு அடுக்குகள் உண்டு. மேல் அடுக்குக்கு மேஜர் ஜூனியர் என்று பெயர். தொழில்முறை லீக்கான என்.எச்.எல். தனக்கு வேண்டிய ஆட்களை அதிகமாகப் பொறுக்குவது அங்கிருந்துதான். அதற்கு அடுத்தது ஜூனியர் ஏ. பாம்பர்ஸ் இந்த இரண்டு அடுக்கிலும் ஆடியிருக்கிறது. இன்று அது சாஸ்கட்செவன் ஜூனியர் லீக்கில் ஆடும் மானிடோபா அணி. அந்த லீக்கின் அணிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணக்கார முதலாளி கிடையாது; ஊரே சேர்ந்து நடத்துகிறது. டிக்கெட் காசு, குலுக்கல் சீட்டு, உள்ளூர்க் கடைகளின் விளம்பரப் பலகை, தன்னார்வலர்களின் உழைப்பு, இவைதான் மூலதனம்.

வேலையைத் தொடங்கியதும் எல்லாரும் என்னிடம் கொடுத்தது கோப்பைப் பட்டியல். எந்த வருஷம் ஜெயித்தோம், யார் அதிக கோல் போட்டார்கள், யார் என்.எச்.எல். போனார்கள். அது ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும், இவ்வளவு சின்ன ஊரால் இது எப்படி முடிந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. அதனால் ஒரு பெரிய நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் அணி, வலது பக்கம் ஊரின் பிழைப்பு. வருஷம் வருஷமாக இரண்டையும் எதிரெதிரே எழுதிக்கொண்டு வந்தேன். நான் செய்ததில் மிகப் பயனுள்ள காரியம் அதுதான். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வலது பக்கம் இப்படிப் போகிறது. 1915இல் டாம் கிரைட்டன் என்பவரும் கூட்டாளிகளும் இங்கே தாமிரமும் துத்தநாகமும் கலந்த தாதுவைக் கண்டார்கள். 1927இல் நியூயார்க்கின் விட்னி குடும்பத்துப் பணத்தில் ஹட்சன் பே மைனிங் அண்ட் ஸ்மெல்டிங் நிறுவனம் உருவானது. 1928இல் ரயில் வந்தது. 1930இல் உற்பத்தி தொடங்கியது. இடது பக்கத்தில், அணி தன் பிறந்த ஆண்டாகச் சொல்வதும் அதே 1927. தற்செயல் என்று சொல்லி இதைக் கடந்து போக முடியாது. சுரங்கத்துக்கு இளைஞர்கள் வேண்டும். ரோடு கூட இல்லாத இடத்தில் அவர்கள் தங்க வேண்டுமானால் குளிர்காலத்தில் ஏதாவது வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களுக்குச் சுரங்கத்தில் வேலை போட்டுக் கொடுத்து ஊருக்கு வரவழைத்தார்கள். காலையில் சுரங்க வேலை, பிற்பகலில் பயிற்சி என்று இருந்ததைப் பல பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிக் கேட்கலாம். ஷிஃப்ட் நேரம் தெரியாமல் அந்தக் காலத்துப் பயிற்சி நேரம் உங்களுக்குப் புரியாது.

1957 கோப்பையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் கனம் தெரியும். கோப்பையின் பெயர் மெமோரியல் கோப்பை. முதல் உலகப் போரில் இறந்த கனடிய வீரர்களின் நினைவாக 1919 முதல் ஜூனியர் அணிகளுக்குத் தரப்படுவது. அந்த ஆண்டின் இறுதித் தொடரில் பாம்பர்ஸ் எதிர்கொண்டது ஒட்டாவா கனேடியன்ஸை. என்.எச்.எல்.லின் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அமைப்பின் ஆதரவில் வளர்ந்த அணி அது. பின்னாளில் மான்ட்ரியல் அணியின் மேலாளராகப் பெரும்பெயர் எடுத்த சாம் பொல்லக் அதை நடத்தினார். எதிரே சுரங்க ஊர்ப் பையன்கள். பாபி கிர்க் பயிற்சியாளர், டெட் ஹாம்ப்சன் கேப்டன். தொடர் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. நாலுக்கு மூன்று என்று பாம்பர்ஸ் ஜெயித்தது. அந்தக் கோப்பையை இந்த ஊர் எடுத்தது அந்த ஒரு முறைதான்.

இங்கே ஒரு சிக்கல் வரும், எல்லா ஊரிலும் வரும். ஜனங்களின் ஞாபகம் இரண்டு நல்ல காலங்களை ஒன்றாக ஒட்டிவிடும். பாபி கிளார்க் இருந்தபோது மெமோரியல் கோப்பையை வென்றோம் என்று என்னிடம் அடித்துச் சொன்னவர்கள் உண்டு. 1957இல் கோப்பை வந்தபோது கிளார்க்குக்கு ஏழு வயது. அவர் ஆடிய அணி 1969இல் மேற்குக் கனடா லீக்கின் சாம்பியன், அதற்கடுத்த ஆண்டும் பாம்பர்ஸே சாம்பியன். ஆனால் அந்த லீக் 1968இல், கோப்பையை நடத்திய கனடிய அமெச்சூர் ஹாக்கி சங்கத்தோடு முறித்துக்கொண்டு வெளியே போயிருந்தது. அதனால் மெமோரியல் கோப்பைக்கு மோதவே அந்த அணிகளுக்கு வழியில்லை. பதிலுக்கு 1969இல் ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் பாரன்ஸ் அணியோடு ஒரு போட்டித் தொடர் வைத்தார்கள். ஆட்டம் முரட்டுத்தனமாகப் போய், பாரன்ஸ் அணியினர் நடுவிலேயே தொடரை விட்டு வெளியேறினார்கள்.

இப்படித் தவறாகச் சொல்கிறவரை அந்த இடத்திலேயே திருத்தக் கூடாது. திருத்தினால் வாயை மூடிக்கொள்வார், அவரிடம் இருக்கும் மற்ற நல்ல விஷயங்களும் போய்விடும். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பேன்: ஆட்டத்தன்று பென்சிலால் எழுதிய ஸ்கோர் தாள், அடுத்த நாள் பத்திரிகை, லீக்கின் ஆண்டுப் பதிவு. எங்கள் ஊருக்கு 1946 முதல் ‘தி ரிமைண்டர்’ என்ற சொந்தப் பத்திரிகை இருந்தது பெரிய பாக்கியம். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் உறுதி என்று குறி. ஒரே ஒருவர் சொன்னது மட்டும் இருந்தால் ‘இன்னார் ஞாபகம்’ என்று குறி. ஞாபகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, தகவல் என்று தவறாக முத்திரை குத்தாமல் இருந்தால் போதும்.

செயின்ட் தாமஸ் விவகாரத்தை அரங்கச் சுவரில் மாட்டும் வரலாற்றுப் பலகையில் போட வேண்டுமா என்று எங்கள் தொகுப்புக் குழுவில் பேச்சு வந்தது. போட வேண்டும் என்றேன், இன்றும் அதுதான் என் கருத்து. அந்தக் காலத்து பாம்பர்ஸ் முரடர்கள் என்று மேற்குக் கனடா முழுக்கப் பெயர். பயிற்சியாளர் பாடி ஜின்னலின் அணியை எதிர்கொள்ளப் பயந்தார்கள். அதை மறைத்துவிட்டுக் கோல் எண்ணிக்கையை மட்டும் எழுதினால், அந்தக் காலத்தில் ஆடியவர்களே அதை நம்ப மாட்டார்கள்.

கிளார்க்கைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுவேன், என் தொழில் அப்படி. அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர், அப்பா சுரங்கத் தொழிலாளி. சிறுவயதிலேயே முதல் வகை நீரிழிவு வந்துவிட்டது. இன்று இந்த நோய் உள்ள ஒரு பையன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சில நொடிகளில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவான். தோலில் ஒட்டிய கருவி கைபேசிக்கே எண்ணை அனுப்பிவிடும். 1960களில் வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியே கிடையாது. சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மாத்திரை ஒன்றைப் போட்டு, மாறுகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார்கள். அது காட்டுவது இப்போதைய நிலையை இல்லை, சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையை. சர்க்கரை அபாயமாகக் குறைந்தால் அது காட்டவே காட்டாது. இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது. இந்த வசதிகளோடு, ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போய், மறுநாள் மோதல் நிறைந்த ஆட்டம் ஆடி, மறுபடி பஸ் ஏறியிருக்கிறார் ஒரு பதினெட்டு வயதுப் பையன். 1967-68 பருவத்தில் 51 கோல், 117 கோல் உதவி, மொத்தம் 168 புள்ளி. மேற்கு லீக்கில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கான பரிசு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

இருந்தும் என்.எச்.எல். அணிகள் தயங்கின. நோயாளிப் பையன், நீண்ட பருவத்தைத் தாங்க மாட்டான் என்று பேச்சு. ஜின்னல் அவரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய், உடம்பைப் பார்த்துக்கொண்டால் தொழில்முறையாக ஆடத் தடையில்லை என்று டாக்டர்களிடம் எழுதி வாங்கினார். அப்படியும் 1969இல் என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்தபோது, முதல் சுற்றில் எல்லா அணிகளும் அவரைத் தாண்டிப் போயின. இரண்டாம் சுற்றில் 17ஆவது ஆளாக பிலடெல்பியா ஃபிளையர்ஸ் எடுத்தது. ஃபிளையர்ஸே முதல் சுற்றில் வேறொருவரை எடுத்திருந்தது, அவர் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கிளார்க் கேப்டனாகி 1974, 1975 என இரண்டு ஸ்டான்லி கோப்பைகளை, அதாவது என்.எச்.எல். சாம்பியன் பட்டங்களை, வாங்கிக் கொடுத்தார். மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு. எங்கள் ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்க வரும் நீரிழிவுக் குழந்தைகளின் அம்மா அப்பாவிடம் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. சுவரில் மாட்டிய பலகையிலும் கோல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துச் சிறுநீர்ச் சோதனை பற்றி நாலு வரி எழுதச் சொன்னேன். பிள்ளைகள் நின்று படிப்பது அந்த நாலு வரியைத்தான்.

ரெஜி லீச்சின் கதையில் வேறு வகையான கவனம் தேவைப்பட்டது. அவர் ஓஜிப்வே பூர்வகுடியைச் சேர்ந்தவர், மானிடோபாவின் ரிவர்ட்டன் என்ற சின்ன ஊர்க்காரர். கிளார்க்கோடு ஒரே வரிசையில் ஆடி, 1967-68இல் 87 கோல் போட்டார். 1976இல் ஃபிளையர்ஸுக்காகப் பிளேஆஃப் ஆட்டங்களில், அதாவது பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகளில், 19 கோல். இறுதியில் அணி தோற்றும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அவருக்கே கிடைத்தது. சிறு வயதிலேயே குடிப் பழக்கம் வந்ததையும், 1980களில் அதை விட்டதையும் அவரே மேடைகளில் பேசுகிறார். பூர்வகுடி இளைஞர்களிடம் போய் அதைச் சொல்வதை ஒரு வேலையாகவே செய்துவருகிறார். இப்படிப்பட்ட விஷயத்தில் நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அவர் தாமே பொதுவில் சொன்னதை மட்டும், அவர் சொன்ன அளவுக்கு மட்டும் எழுதலாம். அடுத்தவர் அவரைப் பற்றிச் சொன்ன கதைகள் எங்கள் நோட்டில் ஏறாது. பெரிய பெயருக்கு வைத்த இந்த விதி, பெயர் தெரியாத பையன்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இனி, எல்லாரும் தாண்டிப் போகிற வருஷங்கள். 1978இல் மேஜர் ஜூனியர் உரிமம் எட்மன்டனுக்குப் போய்விட்டது. எட்மன்டன், கால்கரி மாதிரி பெருநகரங்கள் இருக்கும் லீக்கில், சில ஆயிரம் பேர் வாழும் வடகோடி ஊர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? நிறைய ஊர்களில் கதை அத்தோடு முடிந்திருக்கும். இங்கே அதே பெயரில், அதே நிறத்தில், வடக்கு மானிடோபா ஊர்களுக்குள் நடந்த ஒரு சின்ன லீக்கில் ஆட ஆரம்பித்தார்கள். ஆறு பருவம் அப்படிப் போனது. 1984இல் சாஸ்கட்செவன் ஜூனியர் லீக்குக்குத் திரும்பினார்கள். 1993இல் அங்கே சாம்பியன் ஆனார்கள்.

அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி முதலில் என்னிடம் இருந்தது கால் பக்கம்கூட இல்லை. புகழ் இல்லாத காலத்தில் யாரும் படம் எடுத்து வைப்பதில்லை. தாள்களை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. ஒரு அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று ஒரு அலமாரி நிறைய பழைய கோப்புகளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்து மனம் வெறுத்துப் போனது. ஆனாலும் எனக்கு அந்த ஆறு வருஷம்தான் இந்த அணியின் வரலாற்றில் முக்கியமானது. கிளார்க்கும் லீச்சும் இருந்தபோது அரங்கம் நிறைவதில் அதிசயம் இல்லை. நட்சத்திரம் இல்லை, டிவி இல்லை, பெரிய லீக் இல்லை, அப்போதும் ஐஸ் போட்டு விளக்கு ஏற்றியவர்கள் யார்? அவர்கள் இல்லாவிட்டால் 1984 இல்லை, 1993 இல்லை, 2022 முதல் 2024 வரை மூன்று வருஷமும் தொடர்ந்து லீக் இறுதிப் போட்டி வரை போனதும் இல்லை.

அவர்களைக் கண்டுபிடிக்க வழி, ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு வேலை செய்தவர்களைத் தேடுவது. ஐஸ் பராமரித்தவர், பஸ் ஓட்டியவர், கடிகாரம் பார்த்தவர், கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுத்தவர், சட்டை துவைத்தவர், ஸ்கேட் கத்தியைச் சாணை பிடித்தவர். ‘யார் சிறந்த ஆட்டக்காரர்?’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். ‘நீங்கள் எங்கே நிற்பீர்கள்? அங்கிருந்து என்ன தெரியும்?’ என்று கேட்டால் கதை வரும். படம் ஒன்றை மேசையில் வைத்து, கேள்வியே கேட்காமல் இருப்பது இன்னும் நல்லது. ஒரு பாட்டியம்மாவின் சமையலறையில் அப்படி ஒரு குழுப்படத்தை வைத்தேன். அவர் முகங்களைப் பார்க்கவே இல்லை. ஒரு பையனின் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். சட்டை கிழிந்த இடத்தில் மெரூன் நூல் தீர்ந்துபோய், கறுப்பு நூலால் தைத்தது அவராம். அந்தக் கறுப்புத் தையலை வைத்து அது எந்தப் பருவத்துப் படம் என்று சொன்னார். பத்திரிகையில் சரிபார்த்தபோது பருவம் சரியாக இருந்தது.

பெண்களின் உழைப்பு எந்தப் பதிவிலும் இல்லை என்பதை அன்று நன்றாகப் புரிந்துகொண்டேன். ஜூனியர் அணியின் பையன்களில் பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள். அவர்களை ஊர்க்குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுகின்றன. இதற்கு பில்லெட் என்று பெயர், அந்தத் தாயை பில்லெட் அம்மா என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பையன் தங்கியிருந்தான். அணி மாதாமாதம் கொஞ்சம் பணம் கொடுக்கும். பதினெட்டு வயது ஆட்டக்காரன் குடிக்கிற பாலுக்கும் தின்கிற பாஸ்தாவுக்கும் முன்னால் அது பெரிய தொகை இல்லை. யாரும் காசுக்காகச் செய்வதும் இல்லை. ஆட்டம் முடிந்து வந்ததும் ஈரமான கையுறை, தோள்கவசம், கால்கவசம் எல்லாம் கீழ்த்தளத்தில் ஹீட்டர் இருக்கும் அறையில் விரித்துப் போட வேண்டும். அந்த வாடை படியேறி மேலே வரும். ஸ்கேட் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் காலையில் துரு. தோற்றுவிட்டு வந்த இரவில் அவன் பேச மாட்டான். சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்துவிட்டு நாங்கள் படுத்துவிடுவோம், காலையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

பில்லெட் குடும்பமாக இருக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். முதல் நாளே பையனின் பெற்றோரோடு பேசிவிடுங்கள். ஒவ்வாமை, மருந்து, படிப்பு, வீடு திரும்பும் நேரம், கார் சாவி, இந்த ஐந்திலும் தெளிவு இருந்தால் மற்றதெல்லாம் தானே ஓடும். ஹாக்கி பற்றி மட்டும் அவனிடம் பேசாதீர்கள். அதைப் பேச அவனுக்கு நாள் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

படங்களைக் கையாள்வது தனிக் கலை, ஆனால் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். ஒட்டும் பக்கம் கொண்ட பழைய ஆல்பங்கள்தான் பெரிய எதிரி. அவற்றிலிருந்து படத்தைப் பிய்க்கக் கூடாது. பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெழுகு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மெதுவாக அறுப்பது போல இழுத்தால் பெரும்பாலும் பிரிந்து வரும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட வேண்டும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனா படவே கூடாது. மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பெயர் எழுதும்போது பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை, இடமிருந்து வலம் என்று ஒரே ஒழுங்கு. தெரியாத முகத்துக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அடுத்தவர் ஊகித்து நிரப்பிவிடுவார். ஸ்கேன் 600 டிபிஐக்குக் குறையாமல், மூலப்பிரதி டிஃப் கோப்பாக. பகிர்வதற்கு மட்டும் ஜேபெக். செய்தித்தாள் நறுக்கு தானே பொடியும், பக்கத்தில் இருக்கும் படத்தையும் மஞ்சளாக்கும், அதனால் தனி உறையில் வைக்க வேண்டும். கடன் வாங்கிய படத்தை அந்த வாரமே திருப்பிக் கொடுத்தால், அந்த வீட்டிலிருந்து அடுத்த பெட்டி தானாக வரும்.

எழுத்தில் அனுமதி வாங்குவதும் முக்கியம். இவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். இன்று சாதாரணமாகத் தோன்றும் படம் நாளை அவனுக்குச் சங்கடமாகலாம். ‘பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம்’ என்ற வரி எங்கள் தாளில் இருக்கிறது, சிலர் கேட்டு எடுத்தும் இருக்கிறோம்.

பஸ் பயணத்தைப் பற்றி எழுதாமல் மேற்குக் கனடாவின் ஜூனியர் ஹாக்கி பற்றி எழுத முடியாது. எங்கள் அணிக்கு எல்லா வெளியூர் ஆட்டமும் தூரம்தான். ஊரை விட்டு இறங்கும் ஹான்சன் ஏரிச் சாலையில் மணிக்கணக்காகக் காடும் ஏரியும் மட்டுமே. லீக்கின் மறுகோடியில் உள்ள எஸ்டவன் அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2018 ஏப்ரல் 6ஆம் தேதி, எங்கள் லீக்கைச் சேர்ந்த ஹம்போல்ட் பிரான்கோஸ் அணி நிபாவினில் பிளேஆஃப் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தக் குறியில் நிற்காமல் வந்த லாரியோடு அவர்கள் பஸ் மோதியது. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். பஸ்ஸில் இருந்தது மொத்தமே 29 பேர். கனடா முழுக்க வீட்டு வாசல்களில் ஹாக்கி மட்டைகளைச் சாத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு சாஸ்கட்செவன், ஆல்பர்ட்டா, மானிடோபா மூன்றிலும் புது லாரி ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வந்தது.

அந்த லீக்கில் ஆடும் பையன் எவனுக்கும் அங்கே தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அதைப் பற்றி யாரிடமும் நேர்காணல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அவர்களாகப் பேசினால் கேட்போம், ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துவிடுவோம். சேகரிக்கிறவருக்கு எல்லாவற்றையும் பதிந்துவிட வேண்டும் என்ற ஆசை வரும். அந்த ஆசையை அடக்க வேண்டிய இடம் இது. பதிலாக, பஸ் பயண அட்டவணைகளைச் சேர்க்க ஆரம்பித்தோம். எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எங்கே சாப்பிட நின்றார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தப் பையன்களும் அவர்களை அனுப்பிவைத்துக் காத்திருக்கும் வீடுகளும் ஒவ்வொரு பருவமும் எதைத் தாங்குகிறார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் எனக்குத் தெரியாது.

நோட்டின் வலது பக்கம் இப்போது மெலிந்துகொண்டே வருகிறது. ஊரின் அடையாளமான 251 மீட்டர் உயரப் புகைபோக்கிக்குக் கீழே இருந்த உருக்காலை 2010இல் மூடப்பட்டது. 777 என்ற பெயர் கொண்ட சுரங்கம் 2022இல் நின்றது. அதே வருஷம்தான் அணி இறுதிப் போட்டிக்குப் போனது. வேலை போன வருஷத்தில் ஜனங்கள் இன்னும் அதிகமாக அரங்கத்துக்கு வந்தார்கள், பிளேஆஃபில் வழக்கம்போல ரசிகர்கள் எறிந்த மூஸ் மானின் கால் ஐஸ் மேல் வந்து விழுந்தது. அது இந்த ஊரின் பழைய வழக்கம், வெளியூர் நடுவர்களுக்குப் பிடிக்காது, எங்களுக்கு உயிர்.

2025 மே மாதக் கடைசியில் காட்டுத் தீ நெருங்கி, ஊர் மொத்தத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். அரங்கத்துப் பலகைகளை யாரும் கழற்றிக்கொண்டு ஓட முடியாது. ஆனால் ஸ்கேன் கோப்புகளின் ஒரு பிரதி வின்னிபெக்கில் ஒருவர் வீட்டிலும், இன்னொன்று இணையச் சேமிப்பிலும் ஏற்கனவே இருந்தன. மூன்று பிரதி, அதில் ஒன்று கட்டாயம் வேறு ஊரில் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம். தீ ஊரை விட்டுவிட்டது, சுமார் ஒரு மாதம் கழித்து எல்லாரும் திரும்பினோம்.

இப்போது பழையதைத் தேடுவதோடு, நடப்பதையும் பருவம் முடிந்த அந்த மாதமே எடுத்து வைக்கிறோம்: ஸ்கோர் தாள்கள், பஸ் அட்டவணை, டிக்கெட் விலை, பில்லெட் வீடுகளின் பட்டியல், தன்னார்வலர் பெயர்கள். கடைசி இரண்டும் யாரும் கேட்காதவை, அதனால் அவற்றைத்தான் முதலில் வாங்குகிறோம். 1978க்கும் 1984க்கும் நடுவில் இன்னும் பெயர் தெரியாத முகங்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் படங்களை அரங்கத்தில் கேன்டீன் வரிசை நிற்கும் சுவரில், கண் மட்டத்தில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.